சபைக்குப் புரொஜெக்டர் வாங்குமுன் கடைசி வரிசைப் பாட்டியைக் கேளுங்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் சபை கூடுகிறது. கீழே டயர் கடை, மேலே ஆராதனை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவன் என்பதால், சபையில் ஒயர் வைத்த பொருள் எதுவானாலும் என்னிடம்தான் வந்து சேரும். பக்கத்துச் சபைகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் புரொஜெக்டரைப் பற்றி எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை லூமென் வாங்கலாம்?" லூமென் என்பது புரொஜெக்டர் வீசும் ஒளியின் அளவு.

"உங்கள் கடைசி வரிசையில் யார் உட்காருகிறார்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று சிரிப்பார்கள்.

எங்கள் கடைசி வரிசையில் ஒரு பாட்டி. எண்பதை நெருங்குகிறவர், ஒரு கண்ணில் புரை நீக்கியவர். படியேறிய மூச்சு அடங்குவதற்காகக் கதவோரத்திலேயே உட்கார்ந்து பழகிவிட்டார். முன்னால் வாருங்கள் என்றால் வரமாட்டார். பொடி எழுத்து தெரியவில்லை என்று பாமாலைப் புத்தகத்தையும் விட்டுவிட்டார். திரையில் தெரிந்தால் பாடுவார், தெரியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் முதல் புரொஜெக்டரை வாங்கியபோது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று வருடம் கையைக் கட்டிக்கொண்டே நின்றார்.

ஆகவே கடைக்குப் போகாதீர்கள். முதலில் அளவு நாடாவை எடுங்கள்.

எங்கள் மண்டபத்தில் திரைச் சுவரிலிருந்து பாட்டியின் நாற்காலி 48 அடி. படிக்க வேண்டிய எழுத்து திரையில் வருமானால், கடைசி ஆள் இருக்கும் தூரத்தில் ஆறில் ஒரு பங்காவது திரையின் உயரம் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் எங்களுக்கு 8 அடி உயரத் திரை வேண்டும். கூரையோ பத்தரை அடி. போதுமே என்று தோன்றும். ஆனால் பாடும்போது சபை எழுந்து நிற்கிறது. அலுவலகக் கூட்டத்துக்கும் ஆராதனைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் அறியமாட்டார். எல்லாரும் நின்றுகொண்டு பார்க்கும்போது திரையின் கீழ்விளிம்பு 6 அடிக்கு மேலே இல்லையென்றால், கடைசி வரி முன்னால் நிற்பவர்களின் தலைக்குப் பின்னால் போய்விடும். பத்தரையில் ஆறு போனால் நாலரை அடி. அகலம் 8 அடி. கணக்கு கேட்டதில் பாதிதான் கிடைத்தது. கடைவீட்டு மாடியில் கூடும் சபைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதே கதைதான்.

திரை வளராது என்றால் எழுத்து வளர வேண்டும். எவ்வளவு வளர வேண்டும் என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூடத்தில் மாஜோங் தாள் என்று கேட்டு வாங்குவோமே, அந்தப் பெரிய வெள்ளைத் தாளைத் திரையின் அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். தடித்த பேனாவால் ஒரு வரியை 2 அங்குல எழுத்தில் எழுதுங்கள், அதே வரியை 3 அங்குலத்தில் இன்னொரு முறை. எழுதும் வரியில் 'ன', 'ண' இரண்டும் வர வேண்டும். புள்ளி வைத்த எழுத்துகளும் நாலைந்து வர வேண்டும். தமிழ் எழுத்து தூரத்தில் முதலில் தோற்பது சுழியிலும் புள்ளியிலும்தான். ஆங்கில எழுத்தை வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் ஏமாந்துபோவீர்கள். 2 அங்குலத்தில் பாட்டிக்கு 'ன', 'ண' இரண்டும் ஒரே பூச்சியாகத் தெரிந்தன. 3 அங்குலத்தில் பிரித்துச் சொல்லிவிட்டார்.

அந்த 3 அங்குலம்தான் பிறகு எங்கள் எல்லாக் கணக்கையும் முடிவுசெய்தது. 8 அடி அகலத்தில் வரிக்கு ஏறத்தாழ 25 எழுத்து அடங்கும். 'கீ'யின் சுழிக்கும் 'கூ'வின் வாலுக்கும் மேலும் கீழும் இடம் விட்டால் ஒரு திரைக்கு நாலு வரி தாராளம். தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளுக்காக அதே வரியை ரோமன் எழுத்திலும் போடுகிறோம். ஆகவே இரண்டு வரி தமிழ், இரண்டு வரி ரோமன். முழுப் பாட்டையும் ஒரே திரையில் அடைத்துவிட வேண்டும் என்று அடம்பிடிக்கும் அண்ணன் ஒருவர் எல்லாச் சபையிலும் இருப்பார். அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி வெளிச்சம். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை அடிக்க முடியாது. திரையில் கறுப்பு என்று நாம் பார்ப்பது, அறை விளக்கு பட்ட வெள்ளைத் துணியைத்தான். எனவே லூமெனை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. லூமெனைத் திரையின் சதுர மீட்டரால் வகுத்தால் திரையில் விழும் ஒளி லக்ஸ் அளவில் கிடைக்கும். எங்கள் திரை 3.3 சதுர மீட்டர்; 4,000 லூமென் என்றால் சுமார் 1,200 லக்ஸ். எல்லாக் குழல்விளக்குகளும் எரியும்போது, கைப்பேசிச் செயலியால் திரையின் மேல் அளந்தேன்: 150 லக்ஸ். வெள்ளையின் மேலும் அந்த 150 சேர்ந்து விழும்; ஆகவே வெள்ளைக்கும் 'கறுப்புக்கும்' உள்ள விகிதம் 1,350க்கு 150, அதாவது 9:1. படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய படத்துக்கு 15:1 வேண்டும், முழு வீடியோவுக்கு 80:1 வேண்டும் என்று ஒலி-ஒளித் துறையின் தரநிலை ஒன்று சொல்கிறது. 15ஐ எட்ட ஏறத்தாழ 7,000 லூமென் புரொஜெக்டர் வாங்க வேண்டும். நான் ஒரு சுவிட்சும் கொஞ்சம் ஒயரும் வாங்கித் திரைக்கு முன்னால் இருந்த இரண்டு குழல்விளக்குகளைத் தனியாகப் பிரித்தேன். அவற்றை அணைத்தால் திரையின் மேல் 50 லக்ஸ்தான். விகிதம் 25:1. அதே 4,000 லூமென்!

லூமென் என்று பெட்டியில் போட்டிருப்பதை எல்லாம் நம்பிவிடாதீர்கள். இணையக் கடையில் சில நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) 9,000 லூமென் என்று விற்கும் பெட்டி ஒன்றை எங்கள் வாலிபர்கள் ஆசையாக வாங்கி வந்தார்கள். ஞாயிறு பத்து மணி வெயிலில் அதில் படம் இருக்கிறதா என்று கையால் நிழல் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. முறைப்படி அளந்த வெளிச்சம் என்பதற்கு அடையாளமாக ஆன்சி லூமென் அல்லது ஐஎஸ்ஓ 21118 என்று விவரத் தாளில் இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள். நுணுக்கத்தில் 1920 x 1080 புள்ளிக்குக் குறைய வேண்டாம். குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளி மங்கி, 'கல்' என்பது 'கல' ஆகிவிடும்.

புரொஜெக்டருக்குள் ஒளி தருவது லேசரா, பல்பா? லேசர் 20,000 மணி நேரம் உழைக்கும் என்று விற்பனையாளர் கண்ணை உருட்டிச் சொல்வார். எங்கள் சபையில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஓடுகிறது. வருடத்துக்கு 416 மணி. 20,000 மணி தீர 48 வருடம் ஆகும். அதற்குள் என் பேரன் சபை மூப்பராகிவிடுவான். 4,000 மணி பல்புகூடப் பத்து வருடத்துக்குக் காணும். ஆனாலும் நான் லேசருக்குத்தான் ஓட்டுப் போடுவேன், காரணம் வேறு. பல்பின் ஆயுள் என்று அவர்கள் எழுதுவது, வெளிச்சம் பாதியாகக் குறையும்வரை உள்ள நேரம். வாங்கிய நாளில் 25 ஆக இருந்த விகிதம் வருடா வருடம் இறங்கிக்கொண்டே வரும். மேலும் நம் ஊர் மழைக்குத் திடீரென்று மின்சாரம் போகும். சூடான பல்பு, உள்ளே இருக்கும் காற்றாடி ஆறவைக்கும் முன் அணைந்தால் கெட்டுப்போகலாம். லேசருக்கு அந்த வேதனை இல்லை.

மாட்டும் இடம் எங்களை வாட்டியது. வீச்சு விகிதம் என்று ஓர் எண் விவரத் தாளில் இருக்கும். திரையின் அகலத்தை அதால் பெருக்கினால் புரொஜெக்டர் இருக்க வேண்டிய தூரம். 1.5 என்றால் எங்கள் 8 அடித் திரைக்கு 12 அடி. அளந்து, துளை போட்டு, மாட்டி, போட்டுப் பார்த்தால் பாட்டு வரிகளின் மேல் நிழல் சுற்றுகிறது. திரையிலிருந்து 9 அடியில் கூரைக் காற்றாடி! அதை அணைத்தால் முன்வரிசை வியர்வையில் நனையும். கடைசியில் அந்தக் காற்றாடியைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கச் சுவரிலும் சுவர்க் காற்றாடி வைத்தோம். விகிதம் 0.5 உள்ள குறுந்தூரப் புரொஜெக்டரை 4 அடியில் மாட்டியிருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. போதகரின் கண்ணிலும் ஒளி அடிக்காது. ஆனால் அதற்குத் திரை தட்டையாக இருக்க வேண்டும். இழுத்து விடும் துணித் திரை காற்றில் ஆடினால் வரிகள் அலையடிக்கும். சுவரில் இறுக்கிக் கட்டிய திரை நல்லது. இன்னொன்று: கோணலாக மாட்டிவிட்டு, ரிமோட்டில் படத்தை நிமிர்த்தாதீர்கள். அப்படி நிமிர்த்தும்போது படம் நசுங்கி எழுத்தின் விளிம்பு கூர்மையை இழக்கிறது. லென்ஸையே நகர்த்தும் வசதி உள்ளதைப் பாருங்கள், இல்லையேல் நேராக மாட்டுங்கள்.

மடிக்கணினி மண்டபத்தின் பின்னால், புரொஜெக்டர் முன்னால். கணினியிலிருந்து படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள், சாதாரண வகையில் 15 மீட்டர் போட்டால் படம் விட்டு விட்டு வரலாம். ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அல்லது கணினி வலையமைப்புக்குப் போடும் கேட்-6 ஒயரில் அனுப்பும் எச்டிபேஸ்டி பெட்டிகள் இருக்கின்றன, 100 மீட்டர்வரை போகும். மின்னலைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆராதனை முடிந்து பசியாறப் போகும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், எச்டிஎம்ஐ கேபிளையும் பிடுங்குங்கள். எங்கள் பழைய பெட்டிக்கு இடி கேபிள் வழியாகத்தான் வந்தது.

புரொஜெக்டரே வேண்டாம், டிவி போதும் என்பவர்களை நான் மறுப்பதில்லை. பின்வரிசைகளுக்காகத் திரையிலிருந்து 24 அடியில் பக்கச் சுவரில் ஒரு 55 அங்குல டிவி மாட்டியிருக்கிறோம். பாட்டி அதைத்தான் பார்க்கிறார். பெரிய திரையின் எழுத்தைக் குறைக்காமல் வைத்திருப்பது, அவர் தலையைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் தெரிய வேண்டும் என்பதற்காக. 30 அடிக்குள் அடங்கும் சிறிய சபைக்கு 85 அங்குல டிவி இரண்டு போதும், விளக்கை அணைக்க வேண்டியதில்லை. வீட்டு டிவியின் உத்தரவாத அட்டையில் பொது இடப் பயன்பாடு விலக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் படித்துப் பாருங்கள். ஜார்ஜ்டவுன் பழைய ஆலயங்களின் நிலைமை தனி. 2008 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரிய நகரம். கேட்காமல் சுவரில் ஆணி அடிக்க முடியாது, உயரமான சன்னல்களில் வெயிலும் கொட்டும். அங்கே சக்கரம் வைத்த தாங்கியில் டிவியே சரி. எல்இடி சுவர் வாங்க ஆசைப்படும் கமிட்டி, அதன் எடையையும் மின் இழுவையையும் கட்டட உரிமையாளரிடம் பேசிவிட்டு ஆசைப்படட்டும்.

2020 மார்ச் 18இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, ஆராதனையை நேரலையில் காட்ட அவசரத்தில் கேமரா வாங்கிய சபைகள் பல. இரண்டு சொல் போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டரை 1/50இல் வையுங்கள், குழல்விளக்கு மினுக்காது. திரையைக் கேமராவால் படம் பிடிக்காதீர்கள், வரிகளைக் கணினியிலிருந்தே நேரலைக்கு அனுப்புங்கள்.

பழைய பாட்டுக் கோப்புகளை மறந்துவிட்டால் புதுப் பெட்டியால் பயனில்லை. பாமினியிலும் பழைய முரசு அஞ்சல் எழுத்துருக்களிலும் தட்டிய ஆயிரம் பாட்டு எங்களிடம் இருந்தது. புது மடிக்கணினியில் அவை பெரிய வெள்ளிக்கிழமையன்று கிறுக்கலாக வந்து நின்றன. எல்லாவற்றையும் எந்தக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றி, தடித்த எழுத்துருவில், அசையாத கரும்பின்னணியில் வைத்தோம். ஓபன்எல்பி என்ற இலவச மென்பொருளே போதுமாக இருக்கிறது.

மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன், கடைக்காரரை ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். காலியான மண்டபத்தில், செவ்வாய் இரவில் செய்து காட்டும் சோதனை செல்லாது. எங்களுக்கு அவர் வந்தார். சபை எழுந்து நின்றது, முன்விளக்கு அணைந்தது, முதல் பாட்டு திரையில் ஏறியது. நான் கடைசி வரிசையில் பாட்டியின் பக்கத்தில் நின்றேன். அவர் பாடவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, ஆராதனைக்கு மூன்று சுழி போட்டிருக்கிறார்கள், பார்."