களனிச் சேற்றில் காபன் கணக்கு: எங்கே பிழைக்கிறது?

களனி ஆற்றங்கரையிலோ முத்துராஜவெலச் சதுப்பிலோ குழாய் இறக்கிச் சேறெடுத்துச் சேதனக் காபனை அளப்பவர்கள், ஆய்வுகூடத்துக்கு வருமுன்னரே பாதிப் பிழையைச் செய்து முடித்துவிடுகிறார்கள்.

ஒரு மீற்றர் இறங்கிய குழாயில் 80 சென்ரிமீற்றர் சேறுதான் இருந்தால், பெரும்பாலும் அது நசுங்கியிருக்கும். வெளியே இழுக்குமுன், குழாயின் உள்ளே சேற்றுமட்டம் தரையைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு திருத்த வழியில்லை.

அடுத்தது, நூற்றுவீதத்தை மட்டும் பார்த்து மயங்குவது. 40% காபனுள்ள முற்றாநிலக்கரியின் (சதுப்பில் அரைகுறையாக மக்கிய தாவரப் படிவு) உலர் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 0.1 கிராம் என்றால், அதிலுள்ள காபன் 0.04 கிராம். அடர்த்தி 1.3 உள்ள ஆற்றுக்களியில் 3% இருந்தாலே 0.039 வந்துவிடும். கறுப்பாக இருப்பதெல்லாம் பெரிய களஞ்சியம் என்ற எண்ணம் இங்கேதான் அடிபடுகிறது.

105 பாகையில் உலர்த்தி, 550 பாகையில் நான்கு மணிநேரம் எரித்து நிறையிழப்பைச் சேதனப்பொருளாகக் கொள்வது மலிவான முறை. ஆனால் ஈரவலய மண்ணில் கயோலினைட்டு என்ற களிக்கனிமம் அதிகம். அந்தச் சூட்டில் அது தன் நிறையில் 14% வரை நீராக இழக்கும். மாதிரியில் 30% கயோலினைட்டு இருந்தால் ஏறக்குறைய 4% பொய்யான சேதனப்பொருள் கணக்கில் ஏறிவிடும். சில மாதிரிகளையாவது, காபனையே நேரடியாக அளக்கும் மூலகப் பகுப்பாய்வியில் ஒப்பிட வேண்டும். முகத்துவாரப் பக்கத்து மாதிரியென்றால் அதற்குமுன் சிப்பித்தூளை ஐதான அமிலத்தால் நீக்குங்கள்; அதிலுள்ள காபன் சேதனக் காபன் அல்ல.

வயதில்தான் ஆகப்பெரிய குழப்பம். சேற்றை மொத்தமாகக் கதிரியக்கக் காபன் காலக்கணிப்புக்கு அனுப்பினால் கிடைப்பது காபனின் வயது; அது படிந்த காலம் வேறு. மலையகச் சரிவிலும் இடைவழிக் கரைகளிலும் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்த காபன் வெள்ளத்தோடு வந்து புதுச் சேற்றில் கலக்கிறது. அதனால் படிவு இருப்பதைவிடப் பழையதாகத் தெரியும். இலை, விதை, மெல்லிய சுள்ளி ஆகியவற்றைப் பொறுக்கி அனுப்புங்கள். மேலிருந்து இறங்கிய வேர் கலந்தால் வயது குறைந்து காட்டும். கடந்த நூறாண்டுப் படிவின் வயதைக் கணிக்க, இயற்கைக் கதிரியக்க ஈயமான ஈயம்-210 பொருத்தம். அதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 22 ஆண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் பரவிய சீசியம்-137இன் 1963 உச்சத்தை மட்டும் நம்பவேண்டாம். நம் அகலக்கோட்டில் அந்தத் தடம் மெலிவு.

ஒரே குழாயின் பெறுமானத்தைச் சமவெளி முழுவதற்கும் பெருக்குவதும் வழக்கம். தூர்ந்த பழைய வாய்க்காலும் மணற்திட்டும் ஒன்றாகுமா? கொழும்பைச் சுற்றிய தாழ்நிலங்களில் கிறவல் கொட்டி நிரப்பிய காணிகளும் ஏராளம். அங்கே மேலடுக்கு ஆறு கொண்டுவந்ததே இல்லை. துளையிடுமுன் அயலில் கேட்டறியுங்கள்.