மாட்டின் அரிய துண்டுகளைக் கேட்டு வாங்குவது எப்படி?

முழு மாட்டை அங்கேயே வெட்டிப் பிரிக்கும் கறிக்கடையைத் தேடுங்கள். பெட்டியில் வரும் துண்டுகளை விற்கும் கடையில் இவை அநேகமாகக் கிடைக்காது. ஒரு மாட்டுக்கு வால் ஒன்று, கன்னம் இரண்டு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை ஒட்டித் தொங்கும் தசையும் ஒன்றுதான், அரை கிலோவுக்குச் சற்றுக் கூட இருக்கும். அதனால் 3, 4 நாள் முன்பே சொல்லி வையுங்கள்.

பெயர் கடைக்குக் கடை மாறும். உடலில் அது இருக்கும் இடத்தைக் காட்டிக் கேளுங்கள். சமைக்கும் விதத்தையும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பொடியாக நறுக்கிவிடுவார்கள்.

தொங்கும் தசையின் நடுவே ஓடும் தடித்த சவ்வை எடுக்கச் சொல்லுங்கள். விட்டால் ரப்பராக இழுக்கும். வாலைக் கணுவில்தான் வெட்ட வேண்டும். எலும்பின் குறுக்கே வெட்டினால் சில்லுகள் கறியில் கலந்துவிடும். கன்னமும் வாலும் மெல்லிய தீயில் 3 மணி நேரமாவது வேக வேண்டும்.