கியர் பாக்ஸை இறக்கும் முன்: கிளட்ச் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

இன்ஜினையும் கியர் பாக்ஸையும் இணைத்துப் பிரிப்பது கிளட்ச். அதன் கோளாறு பெரும்பாலும் இரண்டு வகைதான்: ஒன்று நழுவும், இல்லையென்றால் முழுதாகப் பிரியாது. இரண்டும் நேர் எதிரானவை. எது என்று பிரித்தறியாமல் கியர் பாக்ஸை இறக்கினால், ஒரு லாக் நட்டைத் தளர்த்தி முடித்திருக்க வேண்டிய வேலை ஒரு நாள் வேலையாகிவிடும்.

நழுவும் கிளட்ச்சில், மேடேறும்போது இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. கருகிய வாடையும் வரும். சோதிக்க, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்குங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. நான்காம் கியர் போட்டு, இன்ஜினை 1500 ஆர்.பி.எம். அளவில் வைத்து, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. உடனே பெடலை மிதித்துவிடுங்கள். இந்தச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்ச் பிளேட்டும் கருகும்.

பிரியாத கிளட்ச்சுக்கு: இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க, பெடலை அடிவரை மிதித்து, பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். கரகரவென்று பல் அரைத்தால் பிளேட் இன்னும் சுற்றுகிறது என்று பொருள். ரிவர்ஸுக்கும் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இருக்கும் வண்டியில் சத்தம் வராமல் லீவர் இறுக்கமாகப் போகலாம்.

அடுத்து பெடலின் ஃப்ரீ பிளே. கையால் அழுத்திப் பாருங்கள். தடை தெரியும் வரை பெடல் சும்மா நகரும் தூரம்தான் அது. கேபிள் வண்டிகளில் 10 முதல் 25 மி.மீ. வரை இருப்பது வழக்கம். சரியான அளவுக்கு அந்த வண்டியின் மேனுவலே முடிவு. இங்கேதான் பலரும் தலைகீழாக நினைக்கிறார்கள். பிளேட் தேயத் தேய ஃப்ரீ பிளே அதிகமாகாது, குறையும். பிளேட் மெலிந்ததும், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல் பக்கம் நகர்கிறது. பிரஷர் பிளேட்டை அழுத்தும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கம், பெடலை மிதித்தால் அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகின்றன. ஃப்ரீ பிளே அறவே இல்லாமல் போனால், காலை எடுத்த பிறகும் பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். கிளட்ச் நழுவும், பேரிங்கும் சீக்கிரம் போகும். ஃப்ரீ பிளே அதிகமானால் கிளட்ச் பிரியாது. லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைத் திருப்பி, மறுபடி இறுக்கி, பெடலை நாலைந்து முறை மிதித்தபின் மீண்டும் அளந்து பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் கேபிளில் இந்த வேலை கிடையாது.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. அந்தக் காற்றை வெளியேற்றும் பிளீடிங்குக்கு இரண்டு பேர் வேண்டும். கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஃப்ளூயிட் ஊற்றிய பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து குமிழி போனதும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விடலாம். முந்தினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். ரிசர்வாயர் வற்ற விடாதீர்கள். எந்த ஃப்ளூயிட் என்று மூடியிலேயே போட்டிருக்கும். டாட் 3, டாட் 4 ஃப்ளூயிட் பெயின்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்கலாம். பெடலை மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் வரும் சத்தம் மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்.

இத்தனையும் பார்த்த பிறகும் தீராவிட்டால் இறக்கத்தான் வேண்டும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 0.3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் பிளேட்டை மாற்றுங்கள். லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் கிராங்க் ஷாஃப்ட் பின் சீல் அல்லது இன்புட் ஷாஃப்ட் சீல் கசிகிறது. அதை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றுவது வீண் செலவு. புது பிளேட்டை டம்மி ஷாஃப்ட் வைத்து நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்ப்ளைனில் (பிளேட் மாட்டும் ஷாஃப்ட்டின் வரிப் பற்களில்) கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்; மிஞ்சியது தெறித்து லைனிங்கில் ஒட்டும். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் கனத்தைப் பிளேட்டின் ஹப்பில் தொங்கவிட்டால் பிளேட் கோணி, புது கிளட்ச்சே பிரியாது.

கியர் ஆயில் மாற்றுவதானால் முதலில் ஊற்றும் பிளக்கைக் கழற்றுங்கள். வடிக்கும் பிளக்கை முதலில் திறந்து, மேலே இருப்பது துருவேறி அசையாவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும். ஜி.எல்.-4 (கியர் ஆயிலின் தரக் குறியீடு) கேட்கும் பெட்டியில் ஜி.எல்.-5 ஊற்ற வேண்டாம். அதன் கந்தகச் சேர்மானம் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளைக் கெடுக்கக்கூடும்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்தப் பிளேட்டின் இடத்தில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. இதற்கு முந்தைய ஃப்ளூயிட் கப்ளிங்கில் இன்ஜின் சுழற்றும் இம்பெல்லர், கியர் பாக்ஸைச் சுழற்றும் டர்பைன் இரண்டுதான். இன்ஜின் கொடுக்கும் டார்க்கை (சுழற்றும் விசையை) அது அப்படியே கடத்தும், கூட்டாது. நடுவில் ஃப்ளூயிட் ஓட்டத்தைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர் வந்த பிறகுதான் கிளம்பும்போது டார்க் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. டிப் ஸ்டிக் உள்ள பெரும்பாலான வண்டிகளில், வண்டி சூடான பிறகு, இன்ஜின் ஓடும்போதே, லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கிங்கில் விட்டு ஃப்ளூயிட் அளவைப் பார்க்க வேண்டும். கருத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பேக் (கிளட்ச் தட்டுகளின் அடுக்கு) எரிகிறது.

ஃப்ளூயிட் அளவு சரியாக இருந்தும் இழுவை இல்லையென்றால், மேனுவல் அனுமதித்தால் மட்டும் ஸ்டால் சோதனை: கட்டை, ஹேண்ட் பிரேக், கால் பிரேக் மூன்றும் போட்டு, டிரைவில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஆர்.பி.எம்.ஐக் குறியுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் கூடாது. அடுத்த சோதனைக்கு முன் நியூட்ரலில் ஓடவிட்டு ஆறவிடுங்கள். மேனுவலில் சொன்ன அளவைவிட ஆர்.பி.எம். ஏறினால் பெட்டிக்குள் கிளட்ச் நழுவுகிறது. ரொம்பக் குறைந்தால் ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் பிடிக்கவில்லை, அல்லது இன்ஜினுக்கே சக்தி போதவில்லை.