மதத் தலைவர்களை எச்.ஐ.வி. பணிக்கு அழைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

பால்புதுமையினருக்கான (தன்பாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோருக்கான) எச்.ஐ.வி. சிகிச்சையில் மதத் தலைவர்களின் துணை வேண்டும் என்று முடிவானதும் உடனே ஒரு கூட்டம் போடுகிறோம். பத்தே நிமிடத்தில் "தன்பாலீர்ப்பு பாவமா, இல்லையா?" என்ற கேள்வியில் போய் நிற்கிறோம். பலர் முன்னால் ஒருமுறை "பாவம்" என்று சொல்லிவிட்டவர், பிறகு நினைத்தாலும் இறங்கிவர முடியாது. அந்தக் கேள்வியோடு தொடங்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள், நோயைத் தண்டனை என்று பேசாதீர்கள், நம்பிச் சொன்னதை வெளியே விடாதீர்கள், பரிசோதனைக்கு வழிகாட்டுங்கள் என்று கேளுங்கள். தன் மறைநூல் விளக்கத்தை மாற்றிக்கொள்ளாத ஒருவராலும் இவற்றைச் செய்ய முடியும்.

அடுத்தது, மருத்துவத்தைச் சரியாக விளக்காமல் விடுவது. உயிருக்கே ஆபத்தான தவறு இது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை ஒழுங்காக எடுப்பவரின் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அப்படிச் சொல்லும் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து "குணமாகிவிட்டது, பிரார்த்தனை கேட்கப்பட்டது" என்று ஒரு பெரியவர் மனதார அறிவித்துவிட்டால், அந்த ஆள் மாத்திரையை விட்டுவிடுவார். சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பப் பெருகும். பிரார்த்தனையும் இருக்கட்டும், மாத்திரையும் தினமும் இருக்கட்டும் என்று அவர் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் நம் வேலை. நோன்பு நாட்களில் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நல்ல செய்தியையும் மறைக்க வேண்டாம். 2019-ல் வெளியான பார்ட்னர் ஆய்வில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்த சுமார் 780 ஆண் இணையர்கள் பங்கேற்றார்கள். மருந்தால் வைரஸ் கட்டுக்குள் இருந்தவரிடமிருந்து, ஆணுறை இல்லாத உறவிலும், துணைக்கு ஒரு தொற்றுகூடப் பரவவில்லை. பயத்தால் விலகி நிற்கும் ஒரு போதகரிடமோ இமாமிடமோ இதை நிதானமாக உட்கார்ந்து சொல்லுங்கள்.

அப்புறம், ரகசியம். ஒருவர் நம்பிச் சொன்னதை, குடும்பம் சேர வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் மதத் தலைவர்கள் அவருடைய பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்கள். வீட்டைவிட்டு விரட்டப்படுவதற்கு அது ஒன்றே போதும். தன்பாலுறவு சட்டப்படி குற்றமாக இருக்கும் நாடுகளில் ஒரு பெயர்ப் பட்டியலும் ஒரு குழுப் புகைப்படமும்கூட ஆபத்து. யாரிடம், எதை, எப்போது சொல்வது என்பதைச் சம்பந்தப்பட்டவரே ஒவ்வொரு முறையும் தீர்மானிக்கட்டும்.

பால்புதுமையினரைக் கடைசியில் சாட்சி சொல்ல மட்டும் மேடையேற்றுவதும் தவறு. திட்டம் போடும் முதல் நாளிலேயே அவர்கள் இருக்க வேண்டும். மதத் தலைவர்களிலும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். உகாண்டாவின் ஆங்கிலிக்கன் குருவானவர் கிடியன் ப்யாமுகிஷா 1992-லேயே தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னார். எச்.ஐ.வி.யோடு வாழும் ஆப்பிரிக்க மதத் தலைவர்களுக்கான வலையமைப்பு 2002-ல் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு. அப்படிப்பட்ட ஒருவர் பேசும்போது மற்ற தலைவர்கள் காது கொடுக்கிறார்கள்.

பெரிய பதவியில் இருப்பவரை மட்டும் தேடிப் போகாதீர்கள். பிரார்த்தனைக் குழு நடத்தும் பெண்களிடம்தான் பலர் மனம் திறக்கிறார்கள்.

ஓர் எல்லையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. "தன்பாலீர்ப்பிலிருந்து ஆளை மாற்றிவிடலாம்" என்று பிடிவாதமாக இருப்பவரிடம் எவ்வளவு செல்வாக்கு இருந்தாலும் யாரையும் அனுப்பாதீர்கள். சரி என்று தோன்றும் தலைவரிடமும், முன்பு அவரிடம் போய் வந்தவர்கள் பாதுகாப்பாக உணர்ந்தார்களா என்று கேட்ட பிறகே அடுத்தவரை அனுப்புங்கள்.