செட்டிநாட்டு வீட்டில் கே-பாப் நடனம் எடுப்பதற்கு முன்: உடையை முடிவு செய்யும் முறை

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் கே-பாப் எனும் கொரியப் பாப் பாட்டுக்கு நடனம் ஆடிப் படமெடுக்க வரும் கல்லூரிக் குழுக்களுக்கு ஆட்டத்தில் சிக்கல் வருவது குறைவு. சிக்கல் உடையில்தான். வாடகை பேசி, முன்பணம் கொடுத்து, விடிகாலையில் வண்டி பிடித்து வந்து இறங்கியபின் முதல் ஷாட்டிலேயே வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்துவார். “அடக்கமா உடுத்திக்குவோம்” என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுமதி வாங்கியிருப்பார்கள். வீட்டு ஆச்சிக்கு அதற்கு ஒரு பொருள், பத்தொன்பது வயது ஆட்டக்காரிக்கு வேறு பொருள்.

கொரியாவும் இதில் இடறியிருக்கிறது. 1973-ல் அங்கே குட்டைப் பாவாடையைச் சிறுகுற்றச் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது போலீஸார் தெருவில் அளவுகோல் வைத்து அளந்தார்கள். பொது இடத்தில் உடலை அளவுக்கு மீறிக் காட்டி மற்றவரைக் கூச வைப்பது குற்றம் என்ற பிரிவு பிறகும் நெடுநாள் இருந்தது. எது அளவு மீறல் என்பதில் தெளிவில்லை என்று 2016-ல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. ஆகவே அனுமதி கேட்கும்போது ‘அடக்கம்’, ‘கண்ணியம்’ போன்ற சொற்களை விட்டுவிட்டுப் படத்தையும் சென்டிமீட்டரையும் கொடுங்கள்.

முதலில் யாரிடம் கேட்பது என்பது. நகரத்தார் வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். பல புள்ளிகளுக்கு, அதாவது குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும், அவர்களில் பாதிப்பேர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். சாவி வைத்திருக்கும் காவல்காரர் சரி என்று சொன்னது அனுமதி ஆகாது. வீட்டுப் பொறுப்பைக் கவனிக்கும் பங்காளி யார் என்று கேட்டு, அவர் வழியாக மற்றவர்களுக்கும் தகவல் போகட்டும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை) ஆகியவற்றுக்குக் குடும்பம் கூடும் நாட்களைத் தவிர்க்க வேண்டும் என்பதால் தேதியைக் கடைசியாக முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் நான்கு படம் அனுப்புங்கள். நேரே நின்று ஒன்று, முதுகு தெரிய ஒன்று, இரு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒன்று, முழங்காலை மடக்கிக் குந்தி ஒன்று. முதல் இரண்டில் எல்லா உடையும் நல்ல உடைதான். பிரச்சினை மூன்றாவதிலும் நான்காவதிலும் வெளிப்படும், அதைக் காரைக்குடிக்கு வந்தபிறகு கண்டுபிடிப்பதைவிட வீட்டிலேயே கண்டுபிடிப்பது நல்லது. ஆட்டத்தில் தரையில் உருளும் இடம் இருந்தால் அந்தப் பத்து விநாடியை அதே உடையில் ஆடி, காணொளியாகவே அனுப்பிவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நேரில் போய்ப் போனில் காட்டி, “ஆச்சி, இந்த உடுப்பப் போட்டுத்தான் ஆடப் போறோம், பாத்துச் சொல்லுங்க” என்று கேட்பதற்கு ஈடில்லை. பெரும்பாலும் நீங்கள் பயந்ததை அவர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், நீங்கள் யோசிக்காத ஒன்றைச் சுட்டிக்காட்டுவார்கள்.

ஏனென்றால் கூச்சம் உடம்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் மாறும். கொரியாவில் இன்று தொடை தெரியும் பாவாடை தெருவில் சாதாரணம். தோளும் மார்பின் மேற்பகுதியும் தெரிந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். செட்டிநாட்டில் சேலைக்கும் ரவிக்கைக்கும் நடுவே இடுப்பு தெரிவதை யாரும் ஒரு விஷயமாகவே எடுப்பதில்லை. தொடை தெரிந்தால்தான் பேச்சு. கே-பாப் உடையை அப்படியே எடுத்து வந்தால் இரண்டு ஊர்க் கூச்சமும் சேர்ந்து குறுக்கே நிற்கும். எனவே முதலில் கீழ்ப்பாதியைச் சரிசெய்யுங்கள். மேல்பாதியில் கொஞ்சம் தாராளம் எடுபடும்.

பாவாடைக்குக் கணக்கு எளிது. குந்தும்போது விளிம்பு எங்கே வருகிறதோ அதுதான் அதன் நீளம். நிற்கும்போது எடுத்த அளவு உதவாது. உள்ளே முழங்காலுக்கு மேல் ஒரு சாண் வரை இறங்கும் இறுக்கமான கறுப்பு ஷார்ட்ஸ் கட்டாயம். தோல்நிறத்தில் வேண்டாம். தோல்நிற நெட்டுத்துணி நேரில் பார்த்தால் துணி என்று தெரியும்; போன் திரையில், மங்கலான தரத்தில், வெற்றுடம்பாகவே தெரியும். மேடை உடையில் கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே அப்படி நெட் வைத்திருந்தால் அதைக் கறுப்பாகவோ உடையின் நிறத்திலோ மாற்றித் தையுங்கள்.

வளவின், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்த இடத்தின், வெளிச்சம் தனியாகக் கவனிக்க வேண்டியது. வானத்துக்குத் திறந்த முற்றத்துக்கு முதுகு காட்டி, பட்டாலை எனும் கூடத்தில் நின்று ஆடினால் மெல்லிய துணி எல்லாம் கண்ணாடி ஆகிவிடும், கால்களின் உருவம் அப்படியே தெரியும். அறைக்குள் போட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன உடை இங்கே தோற்கும். ஜன்னலுக்கு எதிரே ஆளை நிறுத்தி, கேமராவை உள்ளே வைத்துச் சோதியுங்கள். தெரிந்தால் பாப்ளின் லைனிங் கொடுங்கள். வெளிர் சாம்பல் நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள். சிவகங்கை மாவட்டத்து வெயிலில் இரண்டு டேக்குக்குள் வியர்வைத் திட்டு வந்துவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பதரை, மாலை நான்கிலிருந்து ஐந்தே முக்கால் வரை எடுத்தால் வெளிச்சமும் இதமாக இருக்கும்.

கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக்கின் சாயலில் உடை வேண்டும் என்பவர்களுக்குச் சிறப்புக் குறிப்பு. 2020 செப்டம்பரில் பி.டி.எஸ். குழு அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகக் கியோங்பொக்குங் அரண்மனையின் கன்ஜொங்ஜொன் மண்டபத்தின் முன்னால் ஆடியபோது போட்டிருந்தது இந்த வகை. அதே ஆண்டு பிளாக்பிங்க் பெண்கள் குழு அணிந்த மாற்றியமைத்த ஹன்போக்குக்குப் பாராட்டும் கிடைத்தது, மேற்சட்டையைக் குறைத்துவிட்டார்கள் என்ற வசையும் கிடைத்தது. அந்த வசை எங்கிருந்து வருகிறது என்பதைத் தையல்காரர் புரிந்துகொண்டால் போதும். பழைய பெண்கள் ஹன்போக்கில் மேற்சட்டையான ஜொகொரி மார்புக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடும். ஆனால் பாவாடையான சிமா மார்பிலிருந்தே தொடங்குவதால் கையைத் தூக்கினாலும் உள்ளே துணிதான் தெரியும். நவீன வடிவத்தில் பாவாடையை இடுப்புக்கு இறக்கிவிட்டு மேற்சட்டையை மட்டும் பழைய அளவிலேயே விடுகிறார்கள். கை தூக்கியதும் நடுவில் உடம்பு வெளியே தெரியும். தீர்வு: சிமாவை மார்பிலிருந்தே தொடங்குங்கள், அல்லது ஜொகொரியை உள்ளே ஒரு கையில்லாப் பனியனோடு சேர்த்துத் தையுங்கள்.

அளவு: 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு, ஆடத் தோதாக முழங்காலுக்குக் கீழே நிற்கும் சிமாவுக்கு 44 அங்குல அகலத் துணி 3 மீட்டர். ஒரு மீட்டர் நீளத்தில் மூன்று துண்டு வெட்டி இணைத்தால் சுற்றளவு மூன்றேகால் மீட்டருக்கு மேல் வரும், கால் அகட்டி ஆட அது தாராளம். மார்புப் பட்டியும் தோள் நாடாவும் தனியாக அரை மீட்டர். நாடாவை மறந்தால் சுழலும்போது பாவாடை நழுவும். ஜொகொரிக்கு ஒன்றேகால் மீட்டர்.

முன்புற மடிப்பில் பலர் கோட்டைவிடுகிறார்கள். அணிபவரின் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். நடனம் கற்றுத்தரும் காணொளிகள் பல கண்ணாடிபோல் திருப்பிப் போடப்பட்டவை. அதைப் பார்த்துத் தைத்தால் மடிப்பு தலைகீழாகும். நீங்கள் எடுத்ததை எடிட்டிங்கில் திருப்பினாலும் அதே கதி, கூடவே சேலை முந்தானையும் வலது தோளுக்குப் போய்விடும். கொரியர் மட்டுமில்லை, நம்மூர்க்காரரும் சிரிப்பார்கள்.

நம்மூர்த் துணியிலேயே செய்ய நினைத்தால் கண்டாங்கிச் சேலையைப் பாருங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கி கனமான பருத்தி, வெளிச்சம் ஊடுருவாது. பின்கொசுவம் வைத்துக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டும் பழக்கம் அதற்கு உண்டு, உள்ளே லெக்கிங்ஸ் போட்டால் எந்த ஆட்டத்துக்கும் கால் தடையில்லாமல் வரும். ஆச்சியின் பெட்டியில் இருக்கும் பழைய கண்டாங்கியை வெட்டித் தைக்காதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

இனி வீட்டுக்காக உடையில் செய்ய வேண்டிய மாற்றங்கள். இதைத்தான் பலர் யோசிப்பதே இல்லை.

பூட்ஸ் நடக்காது. கொரிய வீட்டிலும் செருப்போடு உள்ளே போவதில்லை, இங்கேயும் முகப்போடு சரி. தொடை வரை ஏறும் பூட்ஸை நம்பி உடை அமைத்தவர்கள் அதைக் கழற்றியதும் கால் முழுக்க வெறுமையாக நிற்பார்கள். அந்த இடத்தில் முழங்கால் வரை வரும் துணிக் காலுறை, பாதம் இல்லாத வகையாக, போடுங்கள். பாதம் மூடிய காலுறையில் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த தரையில் வெறும் பாதமே வழுக்கும் என்பதால் முதல்நாள் எண்ணெய் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, காலையில் உலர்ந்த பருத்தித் துணியால் மட்டும் துடையுங்கள். அமிலக் கிளீனர் பட்டால் சிமெண்டும் வண்ணப்பொடியும் சேர்ந்த அந்த மேல்பூச்சு போய்விடும்.

நிற்கும் இடத்துக்கு டேப்போ கலர் சாக்பீஸோ வேண்டாம். டேப் மெருகை உரிக்கும், சாக்பீஸ் சாயம் கல்லுக்குள் இறங்கும். தரையின் பூ வடிவமே உங்கள் கட்டம்: “நடுப்பூவிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கல்” என்று ஒவ்வொருவருக்கும் மனப்பாடம் செய்யக் கொடுங்கள்.

இடுப்புச் சங்கிலி, கூர்மையான உலோகப் பொத்தான், தரையில் உரசும் கொக்கி ஆகியவற்றைக் கழற்றுங்கள், பர்மா தேக்குத் தூணில் ஒரு கீறல் விழுந்தால் அதை மறைக்க வழியில்லை. சுவரில் சாயும் காட்சி இருந்தால் முதுகு மூடிய உடை வேண்டும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஃபவுண்டேஷனும் மினுமினுப்பு எண்ணெயும் பட்டால் கறை நிற்கும், தேய்த்தால் மெருகும் போகும். புகை இயந்திரம் எண்ணெய்ப் படலம் விடும், அதையும் விட்டுவிடுங்கள். அலங்காரத்துக்கு ஆணி அடிக்கவே கூடாது. 2024 டிசம்பர் கடைசியில் கொரியாவின் ஆந்தொங்கில், யுனெஸ்கோ பட்டியலில் உள்ள பியொங்சான் சொவொன் என்ற பழைய கல்விச்சாலையில் விளக்குத் தொங்கவிட ஒரு தொலைக்காட்சிக் குழு மரத்தில் ஆணி அடித்து, நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டது. அவர்களிடமும் அனுமதிச் சீட்டு இருந்தது.

எந்த இடத்தில் எந்த உடை என்பதும் உண்டு. திண்ணையும் முகப்பும் தெருவின் கண்ணுக்கு உரியவை, அங்கே முழுவதும் மூடிய உடைதான். வளவிலும் கல்யாணக் கொட்டகையிலும் ஒத்துக்கொண்ட உடையில் ஆடலாம். சாமி வீடு, முன்னோர் படங்கள் மாட்டிய சுவர், கஜலட்சுமி செதுக்கிய நிலை ஆகிய மூன்றும் இடுப்பாட்டத்தின் பின்னணியில் வரவே கூடாது. மற்ற எதையும் மன்னிப்பவர்கள் அந்த ஒரு ஃபிரேமை மன்னிக்க மாட்டார்கள். நிலைப்படியில் உட்காரவும் வேண்டாம்.

பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடி முதலான ஒன்பது நகரக் கோயில்களிலும் ஊருணிப் படிகளிலும் இந்த ஆட்டத்தை எடுக்க முயலவே வேண்டாம். கோபுரம் தெரிய வேண்டும் என்றால் பொதுச்சாலையில் நின்று, சேலையோ சுடிதாரோ போட்டு, நடந்து வரும் காட்சியாக எடுங்கள்.

பையன்களுக்கும் இதே கணக்குதான். பொத்தான் திறந்த சட்டை, கிழிந்த பனியன், வயிறு தெரியும் குட்டைச் சட்டை எல்லாவற்றுக்கும் நான்கு படம் வேண்டும். பெண்களின் உடையை மட்டும் அளந்துவிட்டு இவர்களை விடுவது அநியாயம். பல வீட்டில் முதலில் சிக்குவதும் இவர்கள்தான். பதினெட்டு வயதுக்குக் கீழானவர்கள் குழுவில் இருந்தால் பெற்றோரும் உடைப் படங்களைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும்.

படப்பிடிப்பு நாளில் உடைக்கென்று ஒருவர், ஆடாதவராக, இருக்கட்டும். அவர் பையில் ஊசி, உடை நிறத்து நூல், இருபக்க ஒட்டுநாடா, கத்தரி, மாற்று ஷார்ட்ஸ் இரண்டு. ஊக்கை நம்பாதீர்கள், திறந்தால் காலில் குத்தும். எல்லாருக்கும் ஒரு துப்பட்டா அல்லது நீளச்சட்டை தனியாக எடுத்து வாருங்கள். டேக்குக்கு நடுவே டீக்கடைக்கு அதே உடையில் நடந்து போவதால் வரும் சச்சரவு, ஆட்டத்தால் வருவதைவிட அதிகம்.

கடைசியாக, வெளியிடும்போது. 2022 ஆகஸ்டில், அப்போது அதிபர் பயன்பாட்டில் இல்லாத, சியோலின் அதிபர் மாளிகையான சொங்வாதேவில் ஒரு ஃபேஷன் இதழ் ஹன்போக்கை மையமாக வைத்து எடுத்த படங்களுக்கு அனுமதி இருந்தது. வெளிவந்தபிறகு உடையும் உடம்பைச் சாய்த்த விதமும் சர்ச்சையாகி, படங்களை இறக்கினார்கள். ஆகவே எடிட் செய்த காணொளியையும் அதன் முகப்புப் படத்தையும் (தம்நெயில்) பொறுப்புப் பங்காளிக்கு அனுப்பி, இரண்டு நாள் காத்திருங்கள். முகப்புப் படம் பெரும்பாலும் தானாகவே காலை விரித்த ஃபிரேமைத் தேர்ந்துகொள்ளும், அதை நீங்களே மாற்றுங்கள். வீட்டின் பெயரைப் போடலாமா என்று கேளுங்கள். தனியார் வீட்டுக்கு ‘அரண்மனை’ என்று தலைப்பு வைக்காதீர்கள், கானாடுகாத்தான் அரண்மனையில் எடுத்ததாக நினைத்து அங்கே போய் விசாரிப்பார்கள். ஒரு காட்சியை நீக்கச் சொன்னால் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மங்கலாக்கி விட்டால் அந்த இடத்தைத்தான் எல்லாரும் உற்றுப் பார்ப்பார்கள்.