ஜெரேனியம்: விதையிலிருந்து பூ வரை

கோத்தகிரியில் ஜெரேனியம் இல்லாத வாசலைப் பார்ப்பது அரிது. எண்ணெய் டின், விளிம்பு உடைந்த வாளி, எதில் வைத்தாலும் பூக்கும். அவற்றில் பெரும்பாலானவை பக்கத்து வீட்டில் ஒடித்து வாங்கிய குச்சிகள்தான். குச்சி நட்டாலே வரும் செடிக்கு விதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: கைமாறிக் கைமாறி வரும் குச்சியோடு பழைய வீட்டின் நோயும் சேர்ந்தே வருகிறது. இலை வாடல், தண்டு அழுகல், வைரஸ் எல்லாம் அப்படித்தான் தெருவெங்கும் பரவுகின்றன. விதைச்செடி பெரும்பாலும் அந்தத் தொல்லையில்லாமல் தொடங்கும்.

விதை வாங்கும்போது பாக்கெட்டில் உள்ள தேதியைப் பாருங்கள். கலப்பின விதைக்கு விலை அதிகம், எண்ணிக்கை குறைவு. போகட்டும். விதைப்பிலிருந்து முதல் பூ வர நான்கு மாதம் ஆகலாம். அதனால் மே மாதம் பூ வேண்டுமென்றால் ஜனவரியிலேயே விதைத்துவிடுங்கள்.

ஜனவரியில் இங்கே இரவுக் குளிர் எலும்பைத் தொடும். விதைக்கோ 21 முதல் 24 டிகிரி வெப்பம் வேண்டும். என் விதைத்தட்டு சமையலறையில் ஃபிரிட்ஜின் தலையில்தான் இருக்கும். அங்கே எப்போதும் ஒரு இளஞ்சூடு உண்டு. தட்டை நிரப்ப மூன்று பங்கு கோகோபீட் என்னும் தென்னை நார்த்தூள், ஒரு பங்கு ஆற்றுமணல் போதும். கோகோபீட்டை இரண்டு முறை அலசிப் பிழிந்துவிடுங்கள், அதிலுள்ள உப்பு போகட்டும். தோட்டத்து மண்ணை இந்தக் கட்டத்தில் கிட்டவே சேர்க்காதீர்கள். விதையை வைத்து, அதன் மேல் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கலவையைத் தூவி, தெளிப்பானால் நனைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். நல்ல விதை ஒரு வாரம், பத்து நாளில் தலைகாட்டும். சில சோம்பேறிகள் மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும், தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட்டு, தட்டை நல்ல வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாற்றுங்கள். இருட்டில் இன்னும் இரண்டு நாள் விட்டால் நாற்று நூலாக நீண்டு சாய்ந்துவிடும். மூடியபடியே விட்டால் நாற்றழுகல் வரும். மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று, காலையில் அடித்தண்டு கறுத்துக் கிடக்கும். விதைப்பதற்கு முன்பே கலவையில் சிறிது டிரைக்கோடெர்மா விரிடி தூள் (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) சேர்ப்பது என் வழக்கம்.

விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு இலைகள் விரிந்ததும் பிடுங்கி நடலாம். இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டை நசுக்கினால் அந்த நாற்று பிழைக்காது. தேயிலை நாற்றுக்குப் பயன்படும் சிறிய பாலிதீன் பைகளே இதற்குப் போதும். பிறகு வேர் பையை நிறைத்ததும் ஆறு அங்குல மண்தொட்டிக்கு மாற்றுங்கள்.

இப்போதுதான் மண்ணின் பேச்சு வருகிறது. நீலகிரி மண் புளிப்பு மண். தேயிலைக்கு அதுதான் பிடிக்கும், ஜெரேனியத்துக்குப் பிடிக்காது. அதற்குக் கார அமில நிலை (pH) ஆறு, ஆறரை வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள இரும்பையும் மாங்கனீசையும் அளவுக்கு மீறி உறிஞ்சி, அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழும். பலர் அதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் புளிப்பைக் குறைக்கப் போடும் டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூளே இதற்கும் மருந்து. ஒரு தொட்டி மண்ணுக்கு ஒரு தேக்கரண்டி கலந்துவிடுங்கள். மணலும் மக்கிய சாண எருவும் சேர்ந்தால் தொட்டி தயார்.

இந்தச் செடியைக் குளிரும் வெயிலும் கொன்றதைவிடத் தண்ணீர் கொன்றதே அதிகம். வீட்டு ஜெரேனியங்களின் மூதாதைகள் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவை. சதைப்பற்றான தண்டிலேயே ஈரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளத் தெரிந்தவை. "அத்தை, இன்றைக்கும் தண்ணீர் ஊற்றவில்லையே" என்று மருமகள் கவலைப்படும்போதெல்லாம் விரலை மண்ணில் விடச் சொல்வேன். முதல் கணு வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம், இல்லையென்றால் நாளைக்குப் பார்க்கலாம். ஊற்றும்போது அடியில் வடியும்வரை ஊற்றுங்கள், இலையை நனைக்காதீர்கள். இங்கே வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. அக்டோபர் வந்தால் என் தொட்டிகள் எல்லாம் தாழ்வாரத்துக்குள் வந்துவிடும். மழையில் நனைந்தபடி விட்டால் பூங்கொத்தில் சாம்பல் பூசணம் பிடிக்கும், இலையின் அடியில் துருப்புள்ளிகள் வட்ட வட்டமாகத் தெரியும். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம்.

செடி ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகள் வந்து புதராகும். உரம் குறைவாகவே போதும். தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கலவையை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறை கொடுக்கிறேன். யூரியா போட்டால் இலை மட்டும் தளதளவென்று வரும். வாடிய கொத்தை இதழ் இதழாகப் பறித்துக்கொண்டிருக்காமல், காம்போடு அடியில் ஒடித்துவிடுங்கள்.

சமவெளியில் இருப்பவர்கள் அக்டோபரில் விதைப்பது நல்லது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் பூப்பது குறையும். சித்திரை வெயிலில் அரைநிழலில் வைத்து, உரத்தை நிறுத்திவிடுங்கள். ஊட்டியில் உறைபனி விழும் இரவுகளில் தொட்டி வீட்டுக்குள் இருக்கட்டும்.

விதை சேர்க்க ஆசையுள்ளவர்கள் ஒன்றிரண்டு கொத்துகளை ஒடிக்காமல் விடுங்கள். மகரந்தம் முதலில் உதிர்ந்துவிடும். அதன் பிறகுதான் பூவின் நடுவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி ஐந்து கைகளாக விரியும். வேறொரு பூவின் மகரந்தத்தைத் தூரிகையால் தொட்டு அதில் தடவினால், கொக்கின் அலகு போல நீண்ட காய் வரும். காய்ந்ததும் அது ஐந்தாகப் பிரியும். ஒவ்வொரு விதைக்கும் இறகு வால் உண்டு, ஈரத்துக்குத் தக்கபடி அது தானே முறுக்கிக்கொள்ளும். காற்று தூக்கிப்போவதற்குள் எடுத்துவிடுங்கள். கலப்பினச் செடியின் பிள்ளைகள் தாய் நிறத்திலேயே பூக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கடை விதைகள் நீர் உள்ளே இறங்கத் தோல் கீறியே வருகின்றன; வீட்டு விதையை விதைக்கும் முன் உப்புத்தாளில் லேசாக ஓர் இழுப்பு இழுங்கள், அதுவரை காகித உறையில் உலர்ந்த இடத்தில் வையுங்கள்.