பழைய ஐ5-ஐ 4.2-க்கு ஏற்றிய கதை

2011-இல் வந்த இன்டெல் கோர் ஐ5 2500கே பிராசசர் இன்னும் வீட்டில் ஓடுகிறது. வீடியோ என்கோடிங் இழுத்தடித்ததால் ஓவர்கிளாக் செய்து, அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்த்தேன். ‘கே’ மாடல் என்பதால் மல்டிபிளையர் (பேஸ் கிளாக் என்ற அடிப்படை வேகத்தைப் பெருக்கும் எண்) பூட்டப்படவில்லை, மதர்போர்டும் அதை மாற்றவிடும் இசட்68 சிப்செட் கொண்டது.

பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போகும் முன், பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கைக் கழற்றினேன். இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகத் தடவியதிலேயே சூடு நன்றாக இறங்கியது.

அப்புறம் மல்டிபிளையரை 42 ஆக்கினேன்: 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கில் 4.2 கிகாஹெர்ட்ஸ். பேஸ் கிளாக்கைத் தொடவில்லை. இந்தத் தலைமுறையில் அதை அசைத்தால் டிஸ்க்குக்கான சாட்டா, கார்டுகளுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து ஆடும். வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டால் போர்டு அள்ளிக் கொடுக்கிறது, அதனால் கையாலேயே 1.25 வோல்ட்டில் நிறுத்தினேன். பிராசசரை முழு வேலை வாங்கும் பிரைம்95 சோதனை ஓடியும் தொங்கவில்லை.

ரேம்தான் படுத்தியது. வெவ்வேறு சமயத்தில் வாங்கிய டிடிஆர்3, நான்கு ஸ்லாட்டும் நிறைந்திருந்தது. வேகத்தை 1333-லிருந்து 1600-க்கு ஏற்றியதும், ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிழைகளைச் சிவப்பு வரிகளாகக் கொட்டியது. வோல்டேஜைக் கூட்டுவது எனக்குப் பிடிக்காது, 1.5 வோல்ட்டிலேயே வைத்து, கமாண்ட் ரேட்டை (ரேம் கட்டளையை ஏற்கக் கொடுக்கும் கிளாக் சுற்று) 1டி-யிலிருந்து 2டி-க்கு மாற்றினேன். ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழைகூட வரவில்லை.

என்கோடிங் இப்போது சீக்கிரம் முடிகிறது. ரேம் வேகம் கூடியதால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.